வரியின் மிச்சம்

"கோப்பு சேமிக்கப்பட்டது" என்று வரி முடிந்த பிறகும் அவருடைய சுட்டுவிரலுக்கு அடியில் புள்ளிகள் நின்றன. அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. விசைப்பலகைக்குக் கீழே வைத்திருந்த பிரெயில் புள்ளிப் பலகையில், கணினி சொல்வதெல்லாம் சின்னச் சின்ன முனைகளாக எழுந்து நிற்கும். சொல்ல ஒன்றுமில்லாத இடம் வழவழவென்று கிடக்கும். சிறுவயதிலேயே பார்வை போனவருக்கு அதுதான் திரை. விரலைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டினார். "...ருக்குத் தெரிய வேண்டாம் அக்கா."

அந்தக் கணினியிலிருந்து அக்கா என்று எழுதுகிறவள் அவர் மனைவி ஒருத்திதான். அவர் வேலையை முடித்து எழுந்ததும் அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்து ஊரிலிருக்கும் அக்காவுக்கு எழுதுவாள். அவள் எழுதியது இவர் விரலுக்கு எப்படி வந்தது என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. பலகையை இயக்கும் புரோகிராமை எழுதியவரே அவர்தான். கணினிக்குள் கர்னல் என்றொரு பகுதி உண்டு. அதன் நினைவகத்தில் சாதாரணப் புரோகிராம்கள் கைவைக்க முடியாது. வேண்டியதைக் கேட்டால், கர்னல் தன் பக்கத்திலிருந்து பிரதி எடுத்து அவற்றின் பக்கத்தில் வைக்கும். சொல்ல வேண்டியது இரண்டு வார்த்தையானாலும் முழு வரியின் நீளத்துக்குப் பிரதி எடுக்கும்படி அவர் எழுதியிருந்தார். எடுப்பதற்கு முன் அந்த இடத்தைத் துடைக்க மறந்திருந்தார். அதனால் முன்பு அங்கே யாருடைய எழுத்து கிடந்ததோ அதுவும் கூடவே வந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அடுத்தவருக்குப் பரிமாறின மாதிரி. துடைப்பதற்கு ஒரு வரி எழுதினால் போதும். அவர் எழுதவில்லை.

அதற்குப் பதிலாக, மனைவி எழுதிவிட்டு எழுந்த பிறகெல்லாம் போய் உட்கார்ந்து, காரணமே இல்லாமல் சின்னச் சின்ன வரிகளைப் பலகைக்கு அனுப்பினார். பெரும்பாலும் அர்த்தமில்லாத புள்ளிகள், மணலைத் தொட்டாற்போல. நடுவில் எப்போதாவது ஒரு துண்டு. "...மறுபடி அறுத்தாலும் பிரயோஜனம் இல்லைன்னு டாக்டர்." இன்னொரு முறை, "...ராத்திரிதான் வலி. துணிய வாயில வச்சு."

கட்டியை எடுத்த முதல் ஆபரேஷனோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவளும் சொன்னாள், அவரும் நம்பினார். வாசல் இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் செருப்பு உரசுவதை வைத்தே வந்திருப்பது யார் என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்கு, பக்கத்தில் படுத்திருப்பவள் துணியைக் கடித்துக்கொண்டு கிடப்பது கேட்கவில்லை. இப்போது யோசித்தால் சில வாரங்களாக அவள் அவரை நிம்மதியாக உட்கார விட்டதே இல்லை. உப்பு எது, சர்க்கரை எது, எந்தக் குமிழைத் திருப்பினால் எந்த அடுப்பு எரியும், சட்டைக்குப் பட்டன் தைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தபடியே இருந்தாள்.

"என்ன, என்னை விட்டுட்டு யார் கூடவாவது ஓடப் போறியா?" என்று கேட்டிருந்தார்.

"ஆமா, ராஜா ஒருத்தர் குதிரையோட வாசல்ல நிக்கிறார். நீங்க முதல்ல ஊசியில நூலைக் கோர்த்திடுங்க," என்றாள் அவள்.

இருவரும் சிரித்தார்கள்.

மதியம் அவரோடு வேலை செய்கிற பையன் போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, பலகையோட புரோகிராம் இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள கிடைச்சிடுமா? ஸ்கூல்ல பிள்ளைங்க பலகையை வச்சுக்கிட்டுக் காத்திருக்குதுங்க."

"ஒரு சின்ன ஒழுகல் இருக்குப்பா."

"எங்க, உங்க வீட்டுக் குழாய்லயா?"

"புரோகிராம்ல. முன்னாடி எழுதினவங்களோட மிச்சம் வருது."

"ஐயையோ. ஒரு பிள்ளை மனசுல இருக்கிறது இன்னொண்ணு விரலுக்குப் போயிடுமே. அடைச்சுக் குடுங்கண்ணே."

போனை வைத்த பிறகும் அவர் அசையவில்லை. அடைத்துவிட்டால் அவளைப் பற்றி அறிய இருந்த ஒரே துவாரமும் போய்விடும். கடைசி நாள் வரை அவள் வாயைத் திறக்காமலே இருந்துவிடலாம், அழுத்தக்காரி. தினமும் காலையில் கடவுளிடம் எதையாவது கேட்பவர், இன்று காலை, "இன்னும் ஒரே ஒரு நாள் படிச்சுக்கிறேனே" என்று கேட்டிருந்தார். கேட்டபோதே வெட்கமாக இருந்தது. பிறருக்கு நோகக் கூடாதென்று ஒருவர் உள்ளே வைத்துப் பூட்டியதை, பூட்டு சரியில்லை என்பதற்காக எடுத்துப் பார்ப்பதற்குக் கடவுளிடமா அனுமதி கேட்பது?

துடைக்கும் வரியை எழுதினார். சோதிக்க ஒரு வார்த்தையை அனுப்பினார். வார்த்தை முடிந்த இடத்தில் பலகையும் முடிந்தது. விரல் மட்டும் பழக்கத்தில் இன்னும் கொஞ்ச தூரம் தேடிக்கொண்டு போயிற்று. பையனுக்கு அனுப்பிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் உட்காரும்மா."

"மடிச்சிட்டு வரேனே."

"அப்புறம் மடிக்கலாம்."

கட்டில் அவருக்குப் பக்கத்தில் லேசாக அமுங்கியது. அவ்வளவு லேசாக அமுங்குவதை இத்தனை நாள் கவனிக்கவில்லை.

"நீ அக்காவுக்கு எழுதினது என் பலகையில ஒழுகிடுச்சு. முதல் தடவை தெரியாம படிச்சேன். அப்புறம் தெரிஞ்சேதான் படிச்சேன். தப்பு என்னோடதுதான். இப்ப அடைச்சிட்டேன், இனிமே வராது."

தெருவில் ஏதோ வண்டி பின்னுக்கு வந்து, நின்று, மறுபடி போனது. அவள் கையிலிருந்த துணியின் சரசரப்பு நின்றிருந்தது.

"எதுவரைக்கும் படிச்சீங்க?"

"டாக்டர் சொன்னது. அப்புறம், ராத்திரி துணிய வாயில..."

"உங்களுக்குக் கேட்டுடுமோன்னு எவ்வளவு பயந்தேன் தெரியுமா," என்றாள். சொல்லும்போதே சிரிக்கப் பார்த்தாள்.

"மிச்சத்தை நீயே சொல்லு. இப்பவே சொல்லணும்னு இல்ல."

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, தன் இடது அக்குளுக்குக் கீழே, ரவிக்கைக்குள் கொண்டுபோனாள். அவள் உள்ளங்கை சில்லிட்டிருந்தது. பழைய தையலின் தடத்தை விரல் அறிந்துகொண்டது. அதைத் தாண்டி, கெட்டியாக இருந்த ஓரிடத்தில் நின்றது.

"இங்கயா?"

"மெதுவா. அழுத்தாதீங்க," என்றவள், அவர் விரலைத் தன் விரலால் நகர்த்தினாள். "இன்னும் கொஞ்சம் கீழ."