மூடியின் உட்புறத்து மூன்று கீறல்கள்

கதிரவன் கூரைகளின் விளிம்பைக் கடந்து மேலேறி, ஆற்றங்கரைக் கிடங்குகளின் செங்கற் சுவர்களை ஒவ்வொன்றாய்த் தொட்டு வெதுப்பிக்கொண்டிருந்த முற்பகற் பொழுது அது. நீரின் மேல் இரவெல்லாம் படுத்துக் கிடந்த பனி, விடைபெற விரும்பாத விருந்தினர் வாயிலில் நின்று பேச்சை நீட்டுவது போலத் தயங்கித் தயங்கிக் கலைய, அதனூடே பாலத்தின் தூண்கள் முதலிலும், பாலம் பின்னரும், பாலத்தின் மேல் விரையும் வண்டிகள் இறுதியிலுமாய்த் தோன்றின. கரையோரக் கிடங்குகளுள் நெடியதும் பழையதுமான ஒன்று, முன்னாளில் கயிற்றுச் சுருள்களும் கூல மூட்டைகளும் அடுக்கப்பெற்ற இடமாயிருந்து, இந்நாளில் திங்களுக்கு ஒருமுறை ஏலக்கூடமாய் உருமாறும். படிக்கும் அன்பரே, அன்று அக்கூடத்தினுள் நீவிர் அடியெடுத்து வைத்திருப்பின், கண்ணுக்கு முன்னே உம் செவிதான் வியப்புற்றிருக்கும். நூற்றுக்கு மேற்பட்ட பழம் மணிப்பொறிகள், சுவரில் தொங்குவனவும் மேசையில் அமர்வனவும் ஆளுயர நிற்பனவுமாய், ஒன்று பத்தேகால் என்றும் மற்றொன்று நான்கரை என்றும், தாம் கொண்ட கூற்றை எள்ளளவும் விட்டுக்கொடாது, ஒரே வேளையில் வழக்காடிக்கொண்டிருந்தன.

அவ்வழக்காட்டத்தின் நடுவே, கையில் ஓர் உருப்பெருக்குவில்லையும் தோளில் ஒரு துணிப்பையுமாய் நடந்துகொண்டிருந்தாள் நிலப்படம் வரைபவள் ஒருத்தி. நாற்பத்தைந்து அகவையினள். வரப்பு வளைந்தால் வளைந்தபடியும் ஓடை நெளிந்தால் நெளிந்தபடியும் தாளில் இறக்காமல் உறங்காதவள் ஆகையால், அலுவலகத்தார் அவளுக்கு வைத்த பெயர் அளவுகோல். பழம் பொறிகளை ஏலத்தில் எடுத்துச் சேர்ப்பது அவளது நெடுநாள் விருப்பம். அவள் வீட்டில் அவ்வாறு சேர்ந்தவை பதினொன்று. "எங்க அக்கா வீட்ல மணி என்னன்னு கேட்டுடாதீங்க, பதினொரு பதில் வரும்" என்று அவள் தம்பி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அன்று அவள் வந்தது பித்தளைக் கூட்டில் அமைந்த கப்பல் மணிப்பொறி ஒன்றிற்காக. அதைக் கண்டாள், முகப்பு பிற்காலத்தில் மாற்றப்பட்டதென்பதை வில்லையின் வழியே ஒரு நொடியில் அறிந்தாள், உதட்டைப் பிதுக்கி நகர்ந்தாள்.

அடுத்த தட்டில், கரும்பட்டு விரிப்பின் மேல், சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கடிகைகள் சில கிடந்தன. அவற்றுள் வெள்ளிக் கூடு உடையதும், கண்ணாடி கீறியதும், முப்பத்துநான்கு என எண் ஒட்டியதுமான ஒன்றை, வேறு வேலை இல்லாத கை எடுப்பது போல எடுத்து, நகத்தால் நெம்பி அதன் பின்மூடியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். வெள்ளியின் உட்புறத்தே, ஊசியாற் கீறிய ஒரு மீன், வாலை விட வாய் பெருத்து, ஒரே கண்ணோடு அவளை நோக்கியது.

அம்மீனை அவள் அறிவாள். ஆறாம் அகவையில், தையற்பெட்டியிலிருந்து எடுத்த ஊசியால், தந்தை நீராடப் போன இடைவெளியில் அதை வரைந்தவள் அவளே. அதற்காக வாங்கிய அடியும் நினைவிலிருந்தது. ஆற்றின் நீர்மட்டத்தை நாளும் பொழுதும் அளந்து குறிப்பது அவள் தந்தையின் தொழில். அடுத்த ஆண்டுப் பெருவெள்ளத்தில், அளக்கச் சென்ற ஓடம் கவிழ, அவர் போனவர் போனவரே, உடலும் கிடைக்கவில்லை. 'அவரோட கடிகாரமும் ஆத்தோட போச்சு' என்று அவள் தாய் கேட்டோர்க்கெல்லாம் சொன்னாள். ஆற்றோடு போன பொருள் கரும்பட்டின் மேல் எவ்வாறு வந்து கிடக்கும் என்னும் வினா, அவளது நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போலவே துள்ளிற்று. மீனை அடுத்துச் சில நுண்கீறல்கள் தென்பட்டன. அவற்றை வில்லையின் கீழ்க் கொணர்வதற்குள், ஏலம் தொடங்குவதாய் அறிவித்துக் காவலர் தட்டை எடுத்துச் சென்றுவிட்டார்.

முப்பத்துநான்காம் எண் அழைக்கப்பட்டபோது கை உயர்த்தியோர் இருவர். ஒருத்தி அவள், மற்றவர், கூடுகளை வாங்கி உருக்கி விற்பதால் வெள்ளிக்காரர் எனப் பெயர் பெற்ற பருத்த மனிதர். அவள் கேட்டாள், அவர் உயர்த்தினார். மீண்டும் கேட்டாள், கொட்டாவி விட்டவாறே மீண்டும் உயர்த்தினார். கப்பல் பொறிக்கெனக் கொணர்ந்த தொகையின் விளிம்பை அவள் நெருங்கிவிட்டதை, துணிப்பையினுள் பணத்தாள்களை எண்ணிய அவளது விரல்கள் கூறின போலும், வெள்ளிக்காரர் இருக்கையிலிருந்து திரும்பி அவளை நோக்கினார்.

"இதுக்கு ஏன் இப்படி மல்லுக்கட்டுறீங்க? உள்ள பாத்தீங்களா, எவனோ கிறுக்கி வச்சிருக்கான்."

"கிறுக்குனது நான்தாங்க. ஆறு வயசுல."

கூடம் முழுதும் சிரித்தது. வெள்ளிக்காரர் மட்டும் சிரிக்காமல் ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, உயர்த்திய கையை மடியில் இறக்கினார். "வச்சுக்கோங்கம்மா" என்றார். ஏலம் விடுபவர் மும்முறை சொல்லிச் சுத்தியலைத் தட்ட, முப்பத்தெட்டு ஆண்டுகளாய் ஆற்றின் அடியிற் கிடப்பதாய் எண்ணியிருந்த பொருள் ஒரு காகித உறையினுள் அவள் கைக்கு வந்தது.

வெளியே, கரையோரக் கல்லிருக்கையில் அமர்ந்து, உச்சிவெயிலில் மூடியைத் திறந்து வில்லையைப் பொருத்தினாள். பழுது நீக்குவோர் தாம் பிரித்துத் தூய்மை செய்த பொறியின் மூடிக்குள், தம் குறியையும் ஆண்டையும் கீறி வைப்பது அத்தொழிலின் வழக்கம்; பிறர் கண்ணில் எளிதிற் படாத அக்கீறல்களைத் தேடிப் படிப்பதே அவளைப் போன்றோர்க்கு இன்பம். மீனின் வாலடியில் மூன்று குறிகள் இருந்தன. மூன்றும் ஒரே கையின் வேலை: முக்கோணத்தின் நடுவே ஒரு புள்ளி. அக்குறி அவளுக்குப் புதியதன்று. அவள் வீட்டுப் பொறிகளுள் எட்டினுள் அதுவே உண்டு. பாலத்திற்கு அப்பால் உள்ள பழுதுக்கடைக்காரரின் குறி அது. ஆனால் குறிகளின் கீழிருந்த ஆண்டுகளைத்தான் அவள் வில்லையைத் துடைத்து மீண்டும் படித்தாள். முதலாவது, வெள்ளம் வந்ததற்கு அடுத்த ஆண்டு. மற்றவை அதற்கடுத்த இரண்டு.

கடிகை பிழைத்திருக்கிறது, அப்படியாயின் அதை வைத்திருந்தவர்?

பழுதுக்கடை நண்பகலில் மூடி மூன்று மணிக்கே திறக்கும் என்பதை அறிந்தும், அவள் பாலத்தைக் கடந்து சென்று அதன் எதிரே இருந்த தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்தாள். காத்திருந்த அப்பொழுதில் அவள் உள்ளம் வரைந்த படங்களை எந்த அளவுகோலும் நேர்படுத்தியிராது. தந்தை கரையேறியிருக்கிறார், நினைவு தவறி வேறூரில் வாழ்ந்திருக்கிறார். இல்லை, நினைவு தவறியவர் ஆண்டுதோறும் இதே ஊருக்கு வந்து கடிகையைத் தூய்மை செய்வாரோ? எனவே நினைவோடுதான் இருந்திருக்கிறார். இருந்தும் வீட்டுக்கு வரவில்லை. இவ்விடத்தில் அவளுக்குச் சினம் மூண்டது. எண்பதை எட்டிய முதியவர் ஒருவரின் முன் நின்று, 'ஏன்பா வரல' என்று கேட்கவேண்டிய ஒரே வினாவைப் பலவாறு மாற்றி மாற்றி உள்ளத்துள் ஒத்திகை பார்த்தாள். தெருவில் கோலூன்றிச் சென்ற ஒவ்வொரு கிழவரின் முகத்தையும் உற்று நோக்கினாள். தேநீர் ஆடை படர்ந்து ஆறிற்று.

கடைக்காரர் கதவு திறந்ததும் முதல் ஆளாய் நுழைந்தாள். அறுபதைக் கடந்த அவர், கண்ணில் பொருத்திய குழாய்வில்லையைக் கழற்றாமலே மனிதரிடம் பேசுபவர். மூடியைப் பார்த்தார்.

"முக்கோணத்துக்குள்ள புள்ளி. நம்ம கையெழுத்துதான். அப்பா கடையை என்கிட்ட விட்ட புதுசு." பின்னர் மீனைக் கண்டார், வில்லையைக் கழற்றினார். "அட, இந்த மீனா. இது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க."

"யாரு கொண்டாந்தாங்க? வயசானவரா? உயரமா இருந்தாரா?"

"ஆம்பளை இல்லைங்க. ஒரு அம்மா. மூணு வருசம், மழைக்காலம் முடிஞ்சதும் வருவாங்க. வச்சுட்டுப் போங்க, நாளைக்குத் தரேன்னா கேக்க மாட்டாங்க. நான் பிரிச்சுத் துடைச்சு மாட்டி முடிக்கிற வரைக்கும் இந்தா, இந்த இடத்துலயே நிப்பாங்க. பிரிச்சா நிக்குமேன்னு கேட்டாங்க. நிக்கத்தாம்மா செய்யும்னேன். எவ்வளவு நேரம் நிக்கும்னு கேட்டாங்க. அப்படி ஒரு கேள்வியை அதுக்கு முன்னாடியும் யாரும் கேட்டதில்ல, பின்னாடியும் கேட்டதில்ல."

"பாக்க எப்படி இருந்தாங்க?"

"முகம் நெனைவில்லைங்க. கைதான் தெரியுது. விரல் நுனியெல்லாம் பசை காஞ்சு உரிஞ்சு போயிருக்கும்."

புத்தகம் கட்டும் கூடத்தில் பசை தடவி இரு பிள்ளைகளை வளர்த்த தாயின் அவ்விரல்களை அவளன்றி வேறு யார் அறிவார்? மூன்று மணி நேரம் உயிர்த்திருந்த தந்தை, அக்கடையின் வாயிற்படியில், இரண்டாம் முறையாய் அவளுக்கு இறந்தார். வியப்பு யாதெனில், அத்துயரின் ஊடேயும் ஆவல் அடங்காமல் மேலும் ஓங்கியதே. ஆற்றோடு போனதாய்ச் சொன்ன ஒன்றை, தாய் ஏன் வைத்திருந்தாள்? வைத்திருந்ததை ஏன் மறைத்தாள்?

தாய் வசித்தது மூன்றாம் மாடியில், மேற்கு நோக்கிய இரண்டு அறைகளில். எழுபத்திரண்டு அகவையிலும் மகன் வீட்டிற்கும் போகாமல் மகள் வீட்டிற்கும் போகாமல், 'என் கதவை நானே பூட்டித் திறந்தாதான் எனக்குத் தூக்கம் வரும்' என்று வாழ்பவள். பலகணியோரம் அமர்ந்து தலையணை உறையின் பிரிந்த தையலை மூட்டிக்கொண்டிருந்தாள். மகள் கடிகையை மேசைமேல் வைத்தாள். தாய் அதைப் பார்த்தாள். கையிலிருந்த தையலை இறுதிவரை முடித்து, நூலைப் பல்லாற் கடித்து அறுத்த பின்னரே பேசினாள்.

"எங்க கிடைச்சது?"

"ஏலத்துல. ஆத்தோட போச்சுன்னு சொன்னீங்களேம்மா."

"அன்னைக்கு மழை. நனைஞ்சிடும்னு வீட்லயே வச்சுட்டுப் போனாரு." தலையணை உறையை மடித்தாள். "பத்தாம் நாள் உங்க பெரியப்பா வந்தாரு. தம்பியோட கடிகாரம் எங்க, அது எங்கப்பாவோடது, எங்க வீட்டுச் சொத்துன்னாரு. புருசனைக் காணோம்னு உக்காந்திருக்கேன், வந்தவருக்குக் கடிகாரம்தான் கண்ணுல நிக்குது. வாயில வந்தது, ஆத்தோட போச்சுன்னேன். ஒருதரம் சொல்லியாச்சு. உங்ககிட்ட மாத்திச் சொன்னா நீங்க வெளியில உளறுவீங்க. அப்படியே இருந்துடுச்சு."

"கடைக்கு வருசா வருசம் போனீங்களே. எதுக்கு?"

தாய் மடித்த உறையைக் கையால் நீவினாள். மேற்கே சாய்ந்த வெயில் மேசையின் விளிம்பிலிருந்து கடிகையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"இதைப் பாத்ததும் நீ என்ன நெனச்ச? உங்கப்பா எங்கயாவது உசுரோட இருப்பாருன்னா?"

"மூணு மணி நேரம் நெனச்சேன்."

"நான் மூணு வருசம் நெனச்சேன்" என்றாள் தாய். "உடம்பு கிடைக்கலையே. நீங்க ரெண்டு பேரும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி இதுக்குச் சாவி குடுப்பேன். இது ஓடுற வரைக்கும் அவரும் எங்கயோ நடந்துக்கிட்டு இருக்காருன்னு ஒரு எண்ணம். பைத்தியக்காரத்தனம்தான். ஆனா விட முடியல. காய்ச்சல்ல கிடந்தப்பக்கூட எந்திரிச்சுக் குடுத்திருக்கேன்."

"அப்புறம் ஏன் வித்தீங்க? நம்ம கஷ்டத்துக்கா?"

"கஷ்டம் அதுக்கு முந்தியே இருந்துச்சே. அதுக்காக இல்ல. ஒருநாள் மறந்துட்டேன். கட்டுற வேலை நிறைய, களைச்சு வந்து படுத்துட்டேன். மறுநாள் சாயங்காலம் ஞாபகம் வந்து எடுத்துப் பாத்தா நின்னு கிடக்கு. நான் அழுவேன்னு நெனச்சேன். அழல. பசிச்சது. உக்காந்து நல்லா சாப்பிட்டேன். அந்த வாரமே வித்துட்டேன்."

மகள் அந்நிலையிலும் முழுமையான விடை பெறாமல் அமைய மாட்டாதவள். "அந்தக் காசுல என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"எனக்குச் செருப்பு வாங்குனேன். நல்ல தோல் செருப்பு. மீதிக்கு உங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் படம் பாக்கப் போனேன். உனக்கு நெனைவில்லையா?"

நினைவிருந்தது. ஆடும் நாற்காலி ஒன்றில் தம்பி அமர மறுத்து மடியில் ஏறியதும், திரையில் எவரோ ஏணியிலிருந்து விழுந்ததும், அருகிருந்த தாய் சிரித்த சிரிப்பில் முன்வரிசையினர் திரும்பிப் பார்த்ததும், பத்து அகவைச் சிறுமியாய்த் தான் வெட்கி அவள் கையைக் கிள்ளியதும் தெளிவாய் இருந்தன. அச்சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும், அன்பரே, அவள் இத்தனை ஆண்டுகளும் ஒருமுறைகூட வினவியதில்லை.

"இது உங்களுக்கு வேணுமாம்மா?"

"எனக்கு எதுக்கு? சுவத்துல ஒண்ணு இருக்கு, போதும். காசு குடுத்து வாங்கினது நீ, நீயே வச்சுக்க." ஊசியைக் கையிலெடுத்து, "அந்தச் செருப்பு ஏழு வருசம் உழைச்சது, தெரியுமா" என்றாள் தாய், பெருமிதத்தோடு.

மகள் நாற்காலியை இழுத்துத் தாயின் அருகே போட்டு அமர்ந்தாள். பழம் பொறிகளின் உள்ளே எவரெவரோ கீறிய குறிகளை வில்லை கொண்டு படித்தறிந்தவள், இரண்டு அறைகளுக்குள் திறந்தே கிடந்த எழுபத்திரண்டு ஆண்டு வாழ்வொன்றின் முதற்பக்கத்தையும் புரட்டாதிருந்த தன் பேதைமையை எண்ணி நாணினாள். இறந்தாரைப் பற்றி அறிய விழைந்து எழுகின்ற வினாக்கள், நெடுந்தொலைவு அலைந்து, பெரும்பாலும் இருப்பாரின் வாயிலிலேயே வந்து நிற்கின்றன; அவர்கள் கதவைத் திறக்கும் வலுவோடு இருக்கும்போதே அங்கு வந்து சேர்வோர் பேறு பெற்றோர். "அந்தச் செருப்பு என்ன நிறம்மா?" என்று அவள் கேட்டாள். தாய் ஊசியில் புதுநூலைக் கோத்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். வெயில் மேசையைக் கடந்து, அவ்விருவர் மடியிலும் ஒருங்கே படர்ந்தது.