சுவரைப் பார்த்த படம்

மூன்றாவது கரண்டிக் கஞ்சிக்கு சவரிமுத்து தலையைத் திருப்பிக்கொண்டார். ரஜிதா விடவில்லை. "இன்னும் ஒரு வாய் மாமா" என்று மாமனாரின் தாடையைப் பிடித்தாள்.

தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் அவர்கள் குடியிருந்த காம்பரா வாசலில் சூசை நின்றுகொண்டிருந்தார். தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர், வெண்கலக் குரல்காரர். சவரிமுத்துதான் அந்தக் கோயிலின் உபதேசியார். சாமியார் மாதம் ஒருமுறை மலையேறி வந்து பூசை வைப்பார். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைச் செபம், கல்யாண வீட்டுச் செபம், சாவு வீட்டுச் செபம் எல்லாம் சவரிமுத்துவின் வாயால்தான் நடந்தன.

"அண்ணே, ஒங்களுக்குப் பொறகு யாருன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. நாளைக்கு நமக்குள்ள சண்ட வரக் கூடாது பாருங்க" என்றார் சூசை. தன் பெயரையே சொல்லுவார் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

ரஜிதாவின் கை கரண்டியோடு நின்றது. அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. பூண்டுலோயாவிலிருந்து கல்யாணமாகி வந்த பிறகுதான் அவள் ஞானஸ்நானம் வாங்கினாள். ஆனாலும் மாமாவுக்கு இளைப்பு வந்ததிலிருந்து, அவர் பாதியில் விட்ட செபங்களை எல்லாம் முடித்துவைத்தது அவள்தான். மாமா தன்னைச் சொல்லமாட்டாரா என்று நினைப்பாள். வெளியே சொன்னால், நேற்று வந்தவளுக்கு நினைப்பைப் பார் என்று லயமே சிரிக்கும்.

சவரிமுத்து சூசையைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்ப்பா, பாப்பரசரே தனக்குப் பொறகு யாருன்னு சொல்லிட்டுப் போறதில்ல. நா என்ன, அவருக்கும் மேலயா?"

சூசை முனகிக்கொண்டே போனார். ரஜிதாவுக்கும் முகம் விழுந்துவிட்டது. ஆனால் மாமா சொன்னது சரிதான் என்றும் பட்டது. அந்த மனுஷனிடம் அவளுக்குப் பிடித்ததே அதுதான். தனக்கென்று எதையும் எடுத்து வைத்துக்கொள்ளத் தெரியாது.

அவருடைய தலைமாட்டுச் சுவரில் ஒரு படம் முதுகைக் காட்டித் தொங்கியது. அந்த வீட்டில் பாப்பரசர்களுக்கெல்லாம் ஒரே மரச்சட்டம்தான். புதியவர் வந்தால் பழைய படத்தை எடுக்கமாட்டார்கள். அதன்மேலேயே புதுப் படத்தை வைத்து மூடிவிடுவார்கள். சவரிமுத்துவின் அப்பா வைத்த பன்னிரண்டாம் பத்திநாதர் அடியில் கிடந்தார். அவருக்குமேல் அருளப்பர், சின்னப்பர், ஒரு மாதத்திலேயே கண்ணை மூடிய முதலாம் அருள் சின்னப்பர், வெகுகாலம் ஆண்ட இரண்டாம் அருள் சின்னப்பர், வயசாகித் தானே இறங்கிக்கொண்ட பெனடிக்ட். எல்லாருக்கும் மேலே பிரான்சிஸ். பாஸ்குப் பண்டிகைக்கு மறுநாள் அவர் காலமான செய்தி வந்ததும், சவரிமுத்து ரஜிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

அன்று மாலை செபமாலை முடிவில், பாப்பரசர் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ளும் இடத்தில், "எங்கள் பாப்பரசர்" என்று சொல்லிவிட்டு, பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தினார். பிறகுதான் "கருத்துக்களுக்காக" என்று தொடர்ந்தார்.

"அப்ப இப்ப யாருமே இல்லையா மாமா?" என்று ரஜிதா கேட்டாள்.

"நாக்காலிதான் காலி புள்ள. வீடு காலி இல்ல. பேதுரு காலத்துலருந்து எத்தனையோ வாட்டி காலியாயிருக்கு. எடத்த விட்டு வச்சிட்டு நாம செபத்தச் சொல்லிக்கிட்டே இருக்கணும்."

சூசை வந்துபோன அன்று, கஞ்சிக் கோப்பையைக் கழுவிவிட்டு ரஜிதா திரும்பி வந்தபோது அவருடைய மூச்சு அடங்கியிருந்தது. புதுப் பாப்பரசரைத் தேர்ந்தெடுக்க ரோமாபுரியில் கர்தினால்மார் கூடும் நாள் அது. ரஜிதா வாய்விட்டுக் கதறினாள். பெற்ற அப்பனுக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை.

மறுநாள் காலை அவள் புருஷன் நிரோஷன் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு பெய்த மழையில் பாதையில் மண் சரிந்துவிட்டது. "நீங்களே செபம் சொல்லி அடக்கம் பண்ணிருங்க, பாத தெறந்ததும் வந்து கல்லறைய மந்திரிக்கிறேன்" என்று சாமியார் போனில் சொன்னார்.

அன்று பிற்பகல் யாரும் கேட்காமலே சூசை பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றார். அவர் குரல் எடுத்தால் மேல் லயம்வரை கேட்கும். இந்துச் சனங்கள்கூட இஸ்தோப்புத் திண்ணையில் கைகட்டி நின்றார்கள். இந்த இடம் இவருக்குத்தான் பொருந்துகிறது என்று ரஜிதாவே மனசைத் தேற்றிக்கொண்டாள்.

செபமாலை முடியும் இடத்தில் சூசை கண்ணை மூடி, குரலை உயர்த்தி, "எங்கள் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களின் கருத்துக்களுக்காக" என்றார்.

கூட்டம் பதில் சொல்லவில்லை. "அவருதான் செத்துட்டாரே" என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள்.

சூசைக்கு முகம் கறுத்தது. பழக்க தோஷம். "அப்ப யாருக்காகன்னு சொல்றது?" என்று தடுமாறினார். ஒரு பெயரும் வரவில்லை. தொண்டையைச் செருமினார், மறுபடியும் செருமினார். அந்தக் குரல் அடைத்துப்போய் யாரும் பார்த்ததில்லை. பெட்டி தூக்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாமாவின் கடைசிச் செபம் இப்படி நடுவில் நிற்பதை ரஜிதாவால் பொறுக்க முடியவில்லை.

"எங்கள் பாப்பரசர்" என்றாள் கால்மாட்டிலிருந்து.

ஒரு மூச்சு நிறுத்தினாள். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"கருத்துக்களுக்காக, பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே..."

சனம் சேர்ந்துகொண்டது. எல்லாருக்கும் மேலே கேட்டது சூசையின் குரல்தான்.

சனிக்கிழமை சாயந்தரம் அவரே ஒரு பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். "புள்ள, புதுப் பாப்பரசர் வந்துட்டாரு. லியோவாம்."

ரஜிதா படத்தை இறக்கினாள். பேப்பரிலிருந்து வெட்டிய படத்தைப் பிரான்சிஸுக்கு மேல் வைத்தாள். உள்ளே கனம் கூடிப்போய்ப் பின்பலகை மூடவில்லை.

"சட்டத்த மாத்திப்புடலாமே" என்றார் சூசை.

"வேணாங்க. கட்டிக்கலாம்." கொழுந்துக் கூடைக் கயிற்றில் மிச்சமிருந்த துண்டை எடுத்துக் குறுக்கே இறுக்கிக் கட்டினாள்.

இருட்டுவதற்குள் எல்லாரும் செபத்துக்கு வந்துவிட்டார்கள். அப்பா செபம் சொல்ல உட்காரும் பாயை நிரோஷன் அதே இடத்தில் விரித்தான். சூசை அதில் உட்காரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்து, செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு ரஜிதாவைப் பார்த்தார்.

படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ரஜிதா போய் அதை நேராக்கினாள். பிறகு பாயின் ஓரத்தில், மாமாவுக்கு இடம் விட்டு, உட்கார்ந்தாள்.