நிறுத்து என்றொரு பொத்தான்

கோதண்டராமனுக்கு மனிதர்கள் என்றால் உயிர். அதற்குச் சான்றிதழே வைத்திருந்தார். செங்கம் ரோட்டு விடுதி ஒன்றில் மூன்று நாள் தங்கி, 'மனிதரை மையமாகக் கொண்ட தலைமை' பயிற்சி முடித்து வாங்கியது. வேங்கிக்கால் கால் சென்டரில் அவருடைய மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று மாதாமாதம் பட்டியல் போடுவது இப்போது ஏஐ. ஆனாலும் கடைசி முடிவு மனிதனுடையதாம். அதற்காகத் திரையில் இரண்டு பொத்தான்கள்: அனுப்பு, நிறுத்து. நிறுத்தினால் ஆள் வேலையில் தங்கலாம். அனுப்பினால் இரண்டு நிமிடம் ஆறுதல் சொல்ல வேண்டும். ஆறுதலில் கோதண்டராமன் கெட்டிக்காரர். நிறுத்து பக்கம் மட்டும் அவர் விரல் போனதே இல்லை. மேலிடத்தில் ஏன் என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

சித்திரை மாதப் பட்டியலில் அன்புச்செல்வி வந்தாள். அடி அண்ணாமலைப் பெண். மாதத்தில் ஒரு நாள் தவறாமல் தாமதம்.

"அது பௌர்ணமி சார். கிரிவலக் கூட்டத்துல பஸ்ஸே வராது. அன்னிக்கு நடந்துதான் வர்றேன். அந்த ஏஐக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும் இல்ல? என் சம்பளத்துலதான் சார் வீடு ஓடுது."

தெரியாமல் என்ன? பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெளிவேலை என்று எழுதிவிட்டுக் கிரிவலம் போகிறவர் அவர். மனசு கரைந்துவிட்டது. கரைந்த மனசோடேயே 'அனுப்பு' அழுத்தினார்.

"உன் வலி எனக்குப் புரியுதும்மா," என்று டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். உதவியாளர் தேவிப்ரியா பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் குறிப்பெடுத்தாள். தலைமை கற்றுக்கொள்கிறாளாம்.

அடுத்த மாதப் பட்டியலில் ஒரே பெயர்தான். கோதண்டராமன். வெளிவேலை என்று எழுதிய நாளெல்லாம் அவர் போன் மலையைச் சுற்றியிருப்பதாக ஏஐ கண்டுபிடித்திருந்தது. சொந்தப் பெயருக்குத் தானே பொத்தான் அழுத்தக்கூடாது என்று விதி. திரை தேவிப்ரியாவின் மேசைக்குப் போயிற்று.

ஐம்பத்திரண்டு வயதில் இனி யார் வேலை தருவார்கள்? அவள் மேசைக்கு ஓடினார்.

"தேவிப்ரியா, நிறுத்துன்னு ஒண்ணு இருக்கு பாரும்மா. அதை அழுத்திடு."

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள்.

"அதை அழுத்தலாமா சார்? நீங்க ஒருநாளும் அழுத்துனதே இல்லியே. சும்மா வச்சிருக்காங்கன்னு நெனச்சிட்டேன்."

அவள் விரல் ஏற்கெனவே அவர் கற்றுக்கொடுத்த 'அனுப்பு' பொத்தானை அழுத்திவிட்டிருந்தது. டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். போனில் இரண்டு நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டாள்.

"உங்க வலி எனக்குப் புரியுது சார்," என்று ஆரம்பித்தாள்.