தூரக்கண்ணாடியில் கருடன்

காங்கேசன்துறைத் துறைமுகத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது அவருடைய தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் கதிரைக்கும் அலுமாரிக்கும் அடிபட, கந்தோர்க் கிளாக்கர் பஞ்சலிங்கம் மட்டும் முக்காலியில் நின்ற ஒரு பித்தளைத் தூரக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

மனைவி மகாதேவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "பசுமாடு வாங்கிறதுக்கெண்டெல்லோ காசு வைச்சிருந்தியள்? உது நாளைக்கு எத்தினை போத்தல் கறக்கும்?" என்றாள்.

பஞ்சலிங்கத்துக்குப் பறவைப் பைத்தியம். ஊரில் வேறு பைத்தியங்களும் இருந்தன: சீட்டாட்டப் பைத்தியம், வழக்குப் பைத்தியம். அவர்களை ஊர் மன்னித்துவிடும். கடற்கரையில் போய்க் கொக்கு எண்ணுகிறவனை லேசில் மன்னிக்காது.

அடுத்த ஞாயிறு காலை, கண்ணாடியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாதகல் கரைக்குப் போனார். குழாயை நீட்டித் திருகிச் சரிப்படுத்தினார். இத்தனை காலமும் வானத்தில் செம்புள்ளியாகக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்ட கருடன், எட்டித் தொடலாம் போல ஒரு மொட்டைப் பனையில் இருந்தது. வெள்ளைக் கழுத்தில் இறகுக்கு இறகு மெல்லிய கறுப்புக் கோடு. அது அலகால் காலைச் சொறிந்தது.

"சாமிக்கும் கடிக்குமோ!" என்று வாய்விட்டே சொன்னார்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அதே கருடன், அதே பனை. எத்தனை மணிக்கு வரும், கரையில் எறியும் மீன்குடலுக்கு எப்போது தாழும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கேட்கத்தான் ஒரு நாதியும் இல்லை.

பண்டத்தரிப்புக்கு அப்பால் இருந்த அவர்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு மனேச்சர் அவருடைய தமையன் இராசநாயகம். கோயிலுக்கு ஆனியில் கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள். கும்பத்து நீரை ஊற்றும் வேளையில் கருடன் வந்து மேலே வட்டமிட்டால்தான் சாமி ஏற்றுக்கொண்டது என்று சனம் நம்பும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இவர்களுடைய தகப்பன் மனேச்சராக இருந்து நடத்தியபோது காகம் வந்தது, கருடன் வரவில்லை. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. கை சுத்தமில்லாத மனேச்சர் என்றார்கள். மனுஷன் அதற்குப் பிறகு கோயில் வீதியை மிதிக்காமலே செத்துப்போனார்.

வைகாசியில் ஒருநாள் இராசநாயகம் தம்பி வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். "தம்பி, உதிலை கருடனும் தெரியுமோ?"

"ஓம் அண்ணை! கண் இமைக்கிறது கூடத் தெரியும்."

பனை, நேரம், மீன்குடல் ஒன்றையும் விடாமல் பஞ்சலிங்கம் கொட்டித் தீர்த்தார். தமையன் இத்தனை கருத்தாகக் கேட்டதில் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"கும்பாபிஷேகத்தண்டு உதைக் கொண்டு வா," என்றார் இராசநாயகம். "கருடன் வந்தால் நீதான் பாத்துச் சொல்லவேணும்."

கும்பாபிஷேகத்தன்று காலை வீதி கொள்ளாத சனம். விமானத்து உச்சியில் குருக்கள் கும்பத்தோடு காத்து நிற்க, தெற்கு வீதியில் பஞ்சலிங்கம் கண்ணாடியோடு நின்றார். கோயில் கேணிக்குப் பின்னால் பனைகள் அடர்ந்து நின்ற பனங்கூடல் பக்கமிருந்து செம்மையாக ஒன்று எழும்பியது.

"கருடன்! அரோகரா!"

அத்தனை கையும் தலைக்கு மேல் குவிந்தன. தவில் முழங்கியது, மணிக்கோபுரத்துக் காண்டாமணி ஓயாமல் அடித்தது. ஒரு வட்டம், இரண்டு வட்டம். இராசநாயகத்தின் கண்ணால் தாரை தாரையாக நீர் ஓடியது.

பஞ்சலிங்கம் கண்ணாடியைப் பொருத்தினார். கருடன்தான், சந்தேகமே இல்லை. மூன்றாம் வட்டத்தில் அதன் கால் தெரிந்தது. காலில் ஒரு முடிச்சு. முடிச்சிலிருந்து கீழே ஒரு நூல். கண்ணாடியை நூலோடு நூலாக இறக்கினார். அது கேணிக்குப் பின்னால் பனங்கூடலுக்குள் போய் மறைந்தது. கண்ணாடியை விட்டுத் தலையை எடுத்துப் பார்த்தார். வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் வானம்.

தூண்டில் நூல். யாரோ உள்ளே இருந்து பிடித்திருக்கிறான். அதனால்தான் வட்டம்.

பனையைச் சொன்னது யார், நேரத்தைச் சொன்னது யார் என்று அவர் நெஞ்சு கேட்டது. தானேதான். வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், தானே அந்தக் கருடனைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்.

மூன்றாம் வட்டம் முடிந்ததும் உள்ளே இருந்தவன் நூலை விட்டுவிட்டான். கருடன் மேலே பாய்ந்தது. இழுபட்டுப் போன நூல் மணிக்கோபுரத்துக் கலசத்தில் சுற்றிக்கொள்ள, அது தலைகீழாகத் தொங்கிச் சிறகை அடித்தது. சனத்தின் கண்ணுக்கோ கருடன் கோபுரத்தில் இறங்கிச் சிறகை விரிப்பதும் கூப்புவதுமாகத் தெரிந்தது.

"தம்பி, சொல்லடா! கருடன் என்ன செய்யுது?" இராசநாயகம் ஓடி வந்தார்.

பஞ்சலிங்கம் மறுபடி பார்த்தார். அலகு பிளந்தபடி இருந்தது. கால் முறுகிப் போயிருந்தது.

"சாகுது அண்ணை," என்றார். தவிலும் மணியும் போட்ட சத்தத்தில் அது தமையனுக்கு மட்டுந்தான் கேட்டது. "காலிலை நூல். ஆரையேன் மேலை ஏத்தி அறுத்துவிடச் சொல்லுங்கோ."

இராசநாயகம் தம்பியின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு சனத்தின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் உயர்த்தித் தொண்டை கிழியக் கத்தினார்:

"கும்பிடுதாம்! எங்கடை பிள்ளையாரைக் கருடன் கும்பிடுதாம்!"

பொய் தமையனுடையது. அந்த ஒரு 'தாம்' போட்டதால் சாட்சி தம்பியுடையதாகிவிட்டது. உச்சியில் குருக்கள் கும்பத்து நீரை ஊற்றினார்.

பஞ்சலிங்கம் கண்ணாடியை அப்படியே போட்டுவிட்டு மணிக்கோபுரத்தை நோக்கி ஓடினார். பத்து அடி போயிருக்கமாட்டார். "கண்ட மனுசனெல்லோ! கண்ணாலை கண்டவரெல்லோ!" என்று சனம் அவர் காலில் விழுந்தது. ஒருத்தி பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். இன்னொருவர் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கோ! அது சாகுது, விடுங்கோ!" என்று அலறினார். அவருக்கு அருள் வந்துவிட்டதென்று பிடித்தவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

மேலே சிறகடிப்பு நின்றுவிட்டது.

மகாதேவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். கன்னமெல்லாம் ஆனந்தக் கண்ணீர்.

"இஞ்சருங்கோ, அங்கை பாருங்கோ," என்று கையைக் கூப்பினாள். "தியானத்திலை இருக்குது."