எழுதியவரிடம் கேட்கவும்

எஸ்றா செத்து இரண்டு வருடமாகியும், வங்கியின் பேட்டைக் கிளையில் வாடிக்கையாளர்கள் உட்காரும் மூன்றாவது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் தெரிவது அதிகாரி கோமதிசங்கருக்கு மட்டும்தான். பட்டப்பகலில், டோக்கன் எண் மாறும்போதெல்லாம் எஸ்றா நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்ப்பார். கோமதிசங்கர் கணினித் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்வார்.

எஸ்றா தன் லேத் பட்டறையை விற்றபோது, வாங்கியவரின் செக்கை நம்பவில்லை. வங்கியே தன் பொறுப்பில் எழுதித் தரும் பேங்கர்ஸ் செக்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். கையெழுத்துப் போட்டவர் கோமதிசங்கர். வாங்கியவர் வங்கியில் கட்டிய செக் பணமாவதற்குள் மேனேஜர் அவசரப்பட்டு அதை எழுதச் சொல்லியிருந்தார். வாங்கியவரின் செக் பணமாகாமல் போனதும், எஸ்றாவின் பேங்கர்ஸ் செக்கைப் பணம் தராமல் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். திருப்பினால் காரணம் வேண்டுமே? கணக்கில் பணமில்லாத செக்குகளுக்கு வழக்கமாகப் போடும் ‘எழுதியவரிடம் கேட்கவும்’ என்பதையே கோமதிசங்கர் கைப்பழக்கத்தில் சீட்டில் தட்டிவிட்டார். எழுதியதே வங்கிதான் என்று அந்தப் பாழாய்ப்போன கைக்கு உறைக்கவில்லை.

மறுநாள் எஸ்றா அந்தச் சீட்டோடு கிளைக்கு வந்து நின்றார்.

“எழுதினது நீங்கதான சார்? அதான் கேக்க வந்தேன்.”

இவர் மேனேஜரைக் கைகாட்டினார். மேனேஜர் தலைமையகத்தைக் கைகாட்டினார். எஸ்றா பதினோரு நாள் அந்த மூன்றாவது நாற்காலியிலேயே காத்துக் கிடந்தார். சத்தம்கூடப் போடவில்லை, போட்டிருந்தால் கோமதிசங்கருக்கு இத்தனை வாதை இருந்திருக்காது. பன்னிரண்டாம் நாள் காலையில் நெஞ்சுவலி வந்து செத்துப்போனார்.

மகள் ஃபெபி நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாள். எழுதிக் கொடுத்த வங்கிதான் பொறுப்பு, வட்டியோடு கொடு என்று தீர்ப்பானது. வங்கி கூசாமல் இன்னொரு பேங்கர்ஸ் செக் எழுதியது. அதற்கும் கையெழுத்து கோமதிசங்கர்தான். இதை மகள் வாங்கிக்கொண்டால் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து போய்விடுவார் என்ற நப்பாசையில், அவரே வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஃபெபி இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, தன் கணக்கு இருக்கும் வங்கியின் செக் பெட்டியில் போட்டுவரச் சொன்னாள். அப்பாடா என்று கோமதிசங்கர் செருப்பை மாட்டப் போனார். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“பணம் வார வரைக்கும் இங்கன இருங்க சார். எங்க அப்பா இருந்தாவல்லா?”

அவள் குரலில் கோபமே இல்லை. கோமதிசங்கர் உட்கார்ந்தார். மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, அதற்கு மறுநாள் ஞாயிறு, இரண்டு நாளும் வங்கி திறக்காது என்று அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.