பார்த்தது, நினைத்தது

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற சாலையில், சிமென்ட் லாரிகள் தூசியை எல்லா வீட்டுக்கும் பாரபட்சமில்லாமல் பங்கு வைத்துவிட்டுப் போகும் ஓர் ஊரின் ஆரம்பப் பள்ளி அது. ஆசிரியர்கள் இரண்டே பேர். தலைமை ஆசிரியர் இளையபெருமாள் பேசுவார். புவனேஸ்வரி பாடம் நடத்துவாள். இந்த வேலைப் பிரிவினைக்கு மேலிடத்து உத்தரவு எதுவும் கிடையாது. தானாக அமைந்துவிட்டது.

ஜூனில் பள்ளி திறந்ததும் நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம், கொல்லைப் பக்கம் கிடக்கிற வித்தியாசமான கற்களைப் பொறுக்கி வரச் சொன்னாள் புவனேஸ்வரி. சுண்ணாம்புக்கல் பூமி, கல்லுக்கா பஞ்சம்? மறுநாளே மேசை நிறைந்துவிட்டது. சிப்பி பதிந்த கல், நத்தை போலச் சுருண்ட கல், எதுவுமே பதியாத வெறும் ஜல்லி என்று எல்லாம் வந்திருந்தன.

“இதெல்லாம் கடல்ல வாழ்ந்ததுங்க. ஒரு காலத்துல இங்க கடல் இருந்திருக்கு” என்றாள்.

“கடலு வேளாங்கண்ணியிலதான இருக்கு? இங்க எப்புடி டீச்சர் வரும்?” என்றான் சுதர்சன்.

“பஸ் ஏறி வந்திருக்கும்” என்றாள் சத்யா. அவள் அப்பா சுரங்கத்தில் டிப்பர் ஓட்டுகிறவர். அதனால் கல் சம்பந்தப்பட்ட எதிலும் அவள் பேச்சுக்கு வகுப்பில் ஒரு மரியாதை உண்டு.

“நீ பாத்தியாடி?”

புவனேஸ்வரிக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. கரும்பலகையின் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் ‘பார்த்தது’ என்றும் மறுபக்கம் ‘நினைத்தது’ என்றும் எழுதினாள். கல்லில் சிப்பி இருப்பது பார்த்தது. இங்கே கடல் இருந்தது என்பது நினைத்தது. நினைப்பது தப்பில்லை, ஏன் அப்படி நினைத்தோம் என்று சொல்லத் தெரிந்தால் போதும் என்றாள்.

அவ்வளவுதான். அதன்பிறகு வகுப்பில் யார் எழுந்து எதைச் சொன்னாலும், “பாத்ததா, நெனச்சதா?” என்று மற்றவர்கள் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஜூலையில் பள்ளிக்கூடத்து மூலையில் மக்காச்சோளம் ஊன்றி, வாரா வாரம் நூல் பிடித்து அளந்தார்கள். “என்து ஒசரமா இருக்கு” என்று எவனும் சும்மா சொல்லிவிட முடியாது. நூலைக் காட்ட வேண்டும். சத்துணவு சமைக்கும் சிந்தாமணி அம்மாள் ஒருநாள், “இன்னிக்கு சாம்பாருல பருப்பு நெறயா கெடக்கு” என்று சொல்லிவிட்டு, வகுப்பே கேட்ட கேள்வியில் கரண்டியோடு துரத்தி வந்தார். சுதந்திர தினத்தன்று, “இப்பள்ளி தமிழகத்துக்கே வழிகாட்டி” என்று இளையபெருமாள் முழங்கியபோது வரிசையில் கிசுகிசுப்பு எழுந்தது. அதை அவர் ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

இத்தனையிலும் புவனேஸ்வரியின் கவலையெல்லாம் தேவயானி மேல்தான். பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்ப் போய் வந்ததில் இரண்டு வகுப்புகள் அவளுக்கு வெறும் வருகைப் பதிவாகவே கழிந்திருந்தன. கல்லைப் பார்த்து வரையச் சொன்னால் வரி வரியாக வரைவாள். நூல் பிடிப்பதில் கெட்டிக்காரி. எழுத்து மட்டும் கைக்குள் நிற்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் பக்கத்தில் உட்காரவைத்து ஆகஸ்ட் முடிவதற்குள் ‘கல்’, ‘மண்’, ‘மழை’ வரை கொண்டுவந்திருந்தாள் புவனேஸ்வரி.

வாசிக்கிற திறனைப் பார்த்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் செல்போனில் பதிய வேண்டும். செப்டம்பரில் இளையபெருமாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

“எல்லாரையும் மலர்ல போட்டுடுங்க டீச்சர். முழுசா மலர்ந்த பள்ளின்னு மாவட்டத்துல பாராட்டுவாங்க.”

“தேவயானி இன்னும் அரும்புதாங்க சார். மலர்னு போட்டா அடுத்த பருவத்துக்கு மலர் புத்தகந்தான் வரும். எழுத்துப் புத்தகம் வராது. அத வச்சிக்கிட்டு அந்தப் புள்ள என்னங்க சார் பண்ணும்?”

“நம்பிக்க வைக்கணும் டீச்சர். புள்ளைங்க தானா மலரும்.”

அடுத்த வாரம் வட்டாரக் கல்வி அலுவலர் வருகிறார், தன் இடமாறுதல் விண்ணப்பம் அவர் மேசையில் கிடக்கிறது என்கிற இரண்டும் அந்த நேரம் பார்த்துப் புவனேஸ்வரியின் நினைவுக்கு வந்தன. விரல் ‘மலர்’ என்பதை அழுத்திவிட்டது. போன் பச்சையாக ஒரு பூவைக் காட்டிப் பாராட்டியது.

வருகைக்கு முந்தின நாள் இளையபெருமாள் இரண்டு காரியம் செய்தார். கற்கள் அழுக்காக இருக்கின்றன என்று கடைத்தெருவில் தங்க நிற பெயின்ட் வாங்கிவந்து அத்தனைக்கும் அடித்தார். தேவயானியைக் கூப்பிட்டு, மழை பாடத்தின் முதல் பத்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்.

அலுவலர் நந்தினி காலையிலேயே வந்துவிட்டார். மேசையில் கோயில் கலசங்கள் போல மின்னிய கற்களில் ஒன்றைக் கையில் எடுத்தார்.

“கோடிக்கணக்கான வருஷப் பழசு மேடம்” என்றார் இளையபெருமாள்.

“கல்லு பழசுங்க மேடம். கலரு நேத்து அடிச்சது” என்றாள் சத்யா. “பாத்தது.”

நந்தினியின் விரலிலும் கொஞ்சம் தங்கம் ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, யாராவது வாசியுங்கள் என்றார். இளையபெருமாள் தேவயானியை முன்னால் நகர்த்தினார். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவள் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தாள். கடைசி வரி முடிந்ததும் இளையபெருமாளின் முகம் கற்களுக்குச் சமமாக மின்னியது.

“ரொம்ப நல்லா வாசிக்கிறியே” என்றார் நந்தினி.

வழக்கம்போலப் பின்வரிசையிலிருந்து சுதர்சன் கேட்டான்: “பாத்ததா, நெனச்சதா?”

தேவயானி புத்தகத்தைப் பார்த்தாள், கரும்பலகையைப் பார்த்தாள். இரண்டு பக்கத்திலும் தனக்கு இடம் இல்லை என்று தெரிந்தது.

“ரெண்டும் இல்லடா. பெரிய சார் சொல்லிக்குடுத்தது.”

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகளுக்கு அது ஒரு சாதாரண பதில். நந்தினி போனை எடுத்துப் பெயரைத் தேடினார்.

“மலர்னு இருக்கே. டீச்சர், நீங்க போட்டதா?”

வகுப்பு மொத்தமும் திரும்பிப் புவனேஸ்வரியைப் பார்த்தது. வழக்கமான கேள்வியை அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. இந்தப் பருவம் முழுக்க இந்தப் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் அதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது. அது அவ்வளவு வசதியான செய்தியாக இல்லை.

“நான்தான் போட்டேன் மேடம். ஆனா அவ அரும்புதான். ரெண்டெழுத்து வார்த்த வரைக்கும் வாசிப்பா.”

இளையபெருமாள் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடாததால் ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை.

“நான் போடச் சொன்னேன் மேடம்” என்றார். அவர் பணிக்காலத்தில் ஆற்றிய மிகச் சிறிய உரை அது.

நந்தினி போனை மேசைமேல் வைத்தார். “நம்ம வட்டாரத்துல இந்த மாசம் எல்லா ஸ்கூலும் மலர்ந்துடுச்சி சார். எனக்கே பயமாத்தான் இருந்தது. இதையாவது மாத்துங்க. மீட்டிங்குல கேப்பாங்க, நான் பேசிக்கிறேன்.”

போகும்போது, பெயின்ட் படாத கல் ஒன்று இருந்தால் கொடுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டார். சத்யா பையிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தாள். மாறுதல் விண்ணப்பத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, புவனேஸ்வரியும் கேட்கவில்லை.

காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் புத்தகக் கட்டு வந்தது. அதில் தேவயானிக்கு மெலிசாக ஓர் எழுத்துப் புத்தகம். அதைத் தானே கொடுப்பதாகச் சொல்லி வகுப்புக்கு வந்த இளையபெருமாள், தொண்டையைச் செருமிக்கொண்டு, “மாணவச் செல்வங்களே” என்று தொடங்கினார்.

தேவயானி அதற்குள் உட்கார்ந்து முதல் பக்கத்தில் விரலை வைத்துவிட்டாள்.

“சார், செத்த இருங்க. வாசிச்சிக்கிறேன்.”

அவர் அடுத்த வாக்கியத்தை விழுங்கிவிட்டுச் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். விரல் முதல் எழுத்திலிருந்து இரண்டாவதற்கு நகர்வதற்குள் சாலையில் இரண்டு லாரிகள் போய்விட்டன. அவரும் எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.