உச்சந்தலையில் ஒரு கால்

1

இந்தக் கதை ஒரு பொத்தானை அழுத்தியதில் தொடங்கியது. அழுத்தியவன் நான். அன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. வாசகரே, அதுவே நல்ல முடிவு.

முதல் தொடக்கம்: “அவள் நடனக்காரி. மேடையில் கடைசியாகச் சுழன்ற அந்த மாலை…”

(நிறுத்திவிட்டேன். எனக்கு எந்த நடனக்காரியையும் தெரியாது. வாக்கியம் அழகாக வரட்டும் என்று முன்பின் தெரியாத ஒருத்தியின் முதுகை உடைத்திருந்தேன்.)

இரண்டாம் தொடக்கம்: “தண்டுவடக் காயத்துக்குப் பின் மூளையில் நிகழும் மாற்றங்களை…” (இது ஆய்வு அறிக்கையின் முதல் வரி. யாருக்கும் வலிக்காது.)

மூன்றாவதில் ‘என் நண்பன் ஒருவன்’ என்று எழுதினேன். நண்பன் இல்லை. தம்பி.

2

தம்பி, கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துபவன். எந்த உயரத்திலும் சாவகாசமாக உட்கார்ந்து வேலை பார்ப்பான் என்பதால் எல்லோருக்கும் அவன் ‘குருவி’. மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தான். நடுமுதுகில் தண்டுவடம் நசுங்கியது. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

(விழுந்த கணத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். நான் அங்கே இல்லை.)

நான் எழுதுவதை முதலில் படிப்பவன் அவன்தான். நம்பும்படி இல்லாத வரிக்கு எதிரே பென்சிலால் ‘கதை விடாதே’ என்று எழுதுவான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பிழைப்புக்கு நான் ஸ்கேன் எடுப்பவன். இப்படிக் காயம்பட்டவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை படமெடுத்து, மூளையும் தண்டுவடமும் எப்படி மாறுகின்றன என்று பார்க்கும் ஆய்வு எங்கள் இடத்தில் நடக்கிறது. அவனை அதில் சேர்த்துவிட்டது நான். சொந்தக்காரரைப் படமெடுக்கக் கூடாது என்று விதி இல்லை, இருந்திருக்க வேண்டும். படத்தில் தெரிவதைப் படுத்திருப்பவரிடம் சொல்லக் கூடாது என்ற விதி இருந்தது.

3

முதல் முறை. அவன் ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள், தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். மணி ஒலித்தால் வலது பாதத்தை அசைக்க முயல வேண்டும். மறுபடி ஒலித்தால் ஓய்வு. முப்பது நொடி முயற்சி, முப்பது நொடி ஓய்வு. பாதம் அசையாது என்பது எல்லோருக்கும் தெரியும். முயல்வதுதான் சோதனை.

நாலாவது சுற்றில், திரையில், உச்சந்தலைக்குச் சற்றுக் கீழே, மூளையின் இரு பாதிகளும் ஒட்டும் ஓரத்தில் ஒரு செம்மஞ்சள் திட்டு எழுந்தது. மூளையில் காலுக்கான இடம் அது.

ஆய்வு மருத்துவர் போன் பேச வெளியே போயிருந்தார். அந்தச் சோதனை முடிந்ததும் பேச்சுப் பொத்தானை அழுத்தினேன்.

“டேய், உன் கால் தெரியுதுடா!”

“என்னண்ணே? அசைஞ்சுதா?”

“அசையல. மூளையில கால் இருக்கிற இடம் ஜெகஜோதியா எரியுது!”

 “அப்ப வந்துரும்ல?”

நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

[அடிக்குறிப்பாக வர வேண்டியது: தண்டுவடம் முழுவதும் அறுந்தவர்களுக்கும் அந்த இடம் ஒளிரலாம். உத்தரவு கிளம்பியதற்கு அது சாட்சி, போய்ச் சேர்ந்ததற்கு அல்ல. பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அன்றும் எனக்கு இது தெரியும்.]

4

அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு மணி நேரம். போனில் மணி வைத்துக்கொண்டு பாதத்தையே பார்த்திருப்பான். முப்பது நொடி, முப்பது நொடி. நெற்றி வியர்த்துவிடும்.

ஒரு வருடம் கழிந்து, இந்த மாதத் தொடக்கத்தில், கண்ணாடி நிறுவனத்தின் மேலாளர் அவனை மூன்றாம் முறையாக வேலைக்குக் கூப்பிட்டார். தரைத்தள அலுவலகத்தில் அளவு பார்த்து, கண்ணாடி வெட்டுவதற்கான படம் போடும் வேலை. இந்த மாதம் முடியும்வரைதான் இடத்தை வைத்திருக்க முடியும் என்றார்.

“உக்காந்து பாக்கிற வேலைதானேடா குருவி, போயேன்” என்றாள் எங்கள் அக்கா.

“கால் வரட்டும்க்கா. சாரத்துலயே ஏறிடறேன்.”

“அதுவரைக்கும் அந்த மனுசன் உனக்கு மாலையைக் கட்டி வெச்சுக்கிட்டு நிப்பாரா?”

“அண்ணன் கண்ணால பாத்திருக்கான். வேணும்னா கேட்டுக்க.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் டம்ளரைக் கழுவப் போனேன். ஏற்கெனவே கழுவிய டம்ளர்.

(இந்த இடத்தில் அண்ணன் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. இவ்வளவு கோழையா? வாசகர் நம்புவாரா? திருத்தப் பார்த்தேன். திருந்தவில்லை.)

5

இரண்டாவது படம் ஒன்று உண்டு. கழுத்தில் தண்டுவடத்தின் குறுக்குவெட்டு. காயம் நடுமுதுகில்; ஆனால் தண்டு மெலிவது மேலே கழுத்துவரை ஏறும். அவனுக்கு அதன் பரப்பு முதலில் எழுபத்து நான்கு சதுர மில்லிமீட்டர். ஆறு மாதத்தில் அறுபத்தெட்டு. ஒரு வருடத்தில் அறுபத்தொன்று.

“தண்டு எப்படிண்ணே இருக்கு?”

“அப்படியேதான்டா இருக்கு.”

‘சொல்லக் கூடாது, விதி’ என்றிருக்கலாம். அதற்கான வாயை முதல் நாளே இழந்திருந்தேன்.

கடைசியில் மருத்துவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். “ஒருத்தர் படத்தை வெச்சு அவருக்கே ஜோசியம் சொல்லக் கூடாதுங்க. வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. நீங்க சொன்னதுதான் தப்பு. அதை நீங்களே போய்ச் சரி பண்ணுங்க. தேவைன்னா நானும் அவர்கிட்ட பேசறேன்.”

6

முடிவு ஒன்று: பெருவிரல் அசைகிறது. நான்கு வரி. நன்றாகவே வந்திருந்தது. அதனால்தான் கிழித்தேன்.

முடிவு இரண்டு: அண்ணன் உண்மையைச் சொல்கிறான். தம்பி சிரித்து, “தெரியும்ண்ணே” என்கிறான். (தம்பியை ஞானியாக்கி அண்ணன் தப்பித்துக்கொள்கிறான்.)

முடிவு மூன்று: அண்ணன் அவன் அறைக்குள் போகிறான். மணி ஒலிக்கிறது. தம்பி முயன்றுகொண்டிருக்கிறான். அண்ணன் வாயைத் திறந்து,

7

மூன்று நாள் காலையில் அந்த வாசல்வரை போய்த் திரும்பினேன். எனக்கு வாயால் வரவில்லை. எழுதத்தான் வருகிறது.

வாசகரே என்று இத்தனை நேரம் கூப்பிட்டது உன்னைத்தான், தம்பி. திட்டு ஒளிர்ந்தது நிஜம். அதற்கு நான் சொன்ன அர்த்தம் பொய். ‘அப்படியேதான்’ என்றதும் பொய். காலைப் பயிற்சியை விடச் சொல்லவில்லை. என் பேச்சை நம்பி மட்டும் செய்யாதே.

நாளை மாதக் கடைசி. மேலாளரின் எண்ணை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கீழே பாதித் தாளைக் காலியாக விட்டிருக்கிறேன். பென்சில் உன் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.

இந்தத் தாளை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு நான் வெளியே நிற்கிறேன். மணிச் சத்தம் எப்போது நிற்கும் என்று கேட்டுக்கொண்டு.